சாக மறுத்த செல்

எதிர் வீட்டம்மா மருந்துச் சீட்டுடன் வந்தார். "சார், பொண்ணுக்கு கான்சர் வராம இருக்க ஊசியாம். டாக்டர் எழுதிட்டார். பத்து வயசுதான் ஆகுது. இப்பவே எதுக்கு சார்?" பின்னாலேயே அந்தப் பெண்ணும் வந்து நின்றாள்.

"விரலை விரிச்சுக் காட்டு" என்றேன் அவளிடம். காட்டினாள்.

கருவில் இருந்தபோது அந்த விரல்களுக்கு நடுவே வாத்துக் கால் போலச் சவ்வு இருந்தது. அங்கிருந்த செல்கள் சொல்லிவைத்தாற்போலச் செத்ததால்தான் விரல் விரலாகப் பிரிந்தது. இந்த ஒழுங்கான தற்கொலைக்கு 1972-ல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் 'அப்போப்டாசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். கிரேக்கத்தில் இலை உதிர்வது என்று அர்த்தம்.

செல்லுக்குள் பி53 என்று ஒரு புரதம். போலீஸ்காரர் மாதிரி. டி.என்.ஏ.யில் கோளாறு என்றால் முதலில் 'நில்' என்பார். பழுது பார்க்க முடியாவிட்டால் 'செத்துப் போ' என்பார். செல்லும் மறுபேச்சில்லாமல் சாகும்.

வைரஸுக்கு இது பிடிக்காது. வீடே இடிந்து விழுந்தால் குடிவந்தவன் எங்கே போவான்? பாப்பிலோமா வைரஸில் 16, 18 என்று இரண்டு போக்கிரிகள், ஈ6 என்ற புரதத்தைத் தயாரித்து பி53-ஐ செல்லின் குப்பைத்தொட்டிக்கு அனுப்பிவிடுகின்றன. கூட்டாளி ஈ7, 'பெருகாதே' என்று தடுக்கும் இன்னொரு காவலாளியை மடக்கிவிடும். அப்புறம் கேட்பாரில்லை. பெரும்பாலானோருக்கு உடம்பே வைரஸைத் துரத்திவிடும். தங்கிவிட்ட சிலருக்குப் பல வருஷம் கழித்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்.

அப்படித்தான் 1951-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண் இறந்தார். வயது 31. ஐந்து குழந்தைகள். அவர் கட்டியிலிருந்து எடுத்த செல்கள் 'ஹீலா' என்ற பெயரில் உலகமெங்கும் சோதனைச்சாலைகளில் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. உள்ளே 18-ம் நம்பர் வைரஸின் ஜீன்கள்.

2000-ல் யேல் பல்கலைக்கழகத்தில் குட்வின், டிமையோ இருவரும் ஹீலா செல்லில் ஈ6, ஈ7 இரண்டின் வாயையும் அடைத்துப் பார்த்தார்கள். ஐம்பது வருஷமாகத் தலைகாட்டாத பி53 டியூட்டிக்குத் திரும்பியது. செல்கள் பெருகுவதை நிறுத்தின! பின்னால் ஈ6-ஐ மட்டும் அடக்கிய சோதனைகளில் செல்கள் தற்கொலையே செய்துகொண்டன.

ஆனால் கண்ணாடித் தட்டில் நடப்பது உடம்பில் லேசில் நடக்காது. வைரஸை உள்ளே விடாமலிருப்பதுதான் சுலபம். இந்த வைரஸுக்கும் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த ஹரால்ட் ஸுர் ஹௌஸனுக்கு 2008-ல் நோபல் பரிசு. தடுப்பூசி 2006-லேயே வந்துவிட்டது. ஆனால் குடிவந்த வைரஸை அது காலி பண்ணாது. வருவதற்கு முன் போட வேண்டும். அதனால்தான் 9-லிருந்து 14 வயது. பெரியவளான பிறகு பரிசோதனையையும் விடக்கூடாது.

அம்மா தலையாட்டினார். பெண் கேட்டாள்: "அந்த ஆன்ட்டிகிட்ட கேட்டுட்டுத்தான் செல்லை எடுத்தாங்களா அங்கிள்?"

"இல்லைம்மா. அவங்க வீட்டுக்காரங்களுக்கே இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரியும்."

"என்னையும்தான் யாரும் கேக்கலை."

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு பெண்ணிடம், "சரி, இப்பக் கேக்கறேன். போட்டுக்கறியா?"

"வலிக்குமா?"

"கொஞ்சம் வலிக்கும்" என்றேன். எறும்புக் கடி என்று வழக்கமான பொய் சொல்ல மனசு வரவில்லை.