பழைய காரும் புது டயரும்

நமது சங்க உறுப்பினர்களின் வீடுகளில் அண்மைக் காலமாக ஒரு புதுப் பழக்கத்தைக் காண்கிறோம். கடைக்குச் சரக்கு ஏற்ற ஒரு வண்டி, வீட்டுக்கு ஒரு கார் என்ற நிலை மாறி, கல்லாவில் அமரத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் வேகத்துக்குப் பேர்போன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வருகிறார்கள். சேலத்திலோ பெங்களூரிலோ எட்டு பத்து வருடம் ஓடிய கார், புதிதாக விற்ற விலையில் பாதிக்கும் குறைவாகவே கிடைத்துவிடுகிறது. உழைத்துச் சம்பாதித்த பணத்தில் ஆசைக்கு ஒரு கார் வாங்குவதை நாம் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வாங்கிய சில மாதத்தில் மெக்கானிக் நான்கு டயரையும் மாற்றச் சொல்லும்போதுதான் கணக்கு இடிக்கிறது. காரின் விலை வயதுக்கேற்ப இறங்கிவிடும். அதன் டயர் விலை இறங்குவதே இல்லை. கார் புதிதாக இருந்தபோது என்ன தரத்து டயர் வேண்டுமோ, அதே தரத்து டயர்தான் இன்றும் வேண்டும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எது கிடைக்கிறதோ அதைப் போட்டுக்கொள்வோம் என்ற எண்ணம் வருகிறது. ஒரு ரூபாய் சரக்கு வாங்கினாலும் மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்கும் வியாபாரி, டயர் கடையில் மட்டும் விலையைத் தவிர வேறு எதையும் கேட்பதில்லை.

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர் 16 91 வி என்பது போல எழுதியிருக்கும். அகலம் 205 மில்லிமீட்டர். அந்த அகலத்தில் 55 சதவீதம் பக்கச்சுவரின் உயரம். ரிம் 16 அங்குலம். 91 என்பது சுமை எண். அந்த டயர் தாங்கக்கூடிய எடை 615 கிலோ. கடைசி எழுத்து வேகக் குறி. எச் என்றால் மணிக்கு 210 கிலோமீட்டர், வி என்றால் 240, டபிள்யூ என்றால் 270. நம் சாலையில் யார் 240ல் போகப்போகிறார்கள் என்று கேட்பீர்கள். போகக்கூடாது, போகவும் முடியாது. ஆயினும் அந்த எழுத்து டயர் சூட்டை எவ்வளவு தாங்கும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. சித்திரை வெயிலில் அத்தனூரில் நான்குவழிச் சாலை ஏறி நாமக்கல்வரை ஒரே வேகத்தில் போகிறவருக்கு அது தேவைதான். கார்க் கையேட்டிலோ கதவோரத்து ஸ்டிக்கரிலோ உள்ள சுமை எண்ணுக்கும் வேகக் குறிக்கும் கீழே எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். பின் சீட்டில் சேலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டு ராசிபுரத்துக்கும் சேலத்துக்கும் போகும் நம்மவர்களுக்கு, வேகக் குறியைவிடச் சுமை எண்தான் முக்கியம் என்பது நமது அபிப்பிராயம்.

சிக்கனத்துக்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பல கார்களில் விலை கூடிய மாடலுக்குப் பெரிய ரிம்மும், அதே காரின் விலை குறைந்த மாடலுக்குச் சிறிய ரிம்மும் கம்பெனியே கொடுத்திருக்கும். 205/55 ஆர் 16 டயரின் மொத்த உயரம் சுமார் 632 மில்லிமீட்டர். 195/65 ஆர் 15 டயரின் உயரம் சுமார் 634. வித்தியாசம் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை. சுமை எண் இரண்டுக்குமே பெரும்பாலும் 91தான். ஆனால் 15 அங்குல டயர் பல குடும்பக் கார்களிலும் ஓடுவதால் எல்லாக் கம்பெனியும் செய்கிறது. போட்டி உண்டு, விலையும் இறங்குகிறது. பக்கச்சுவர் உயரம் கூடுவதால் நம் ஊர்க் குழிகளில் ரிம் வளைவதும் குறையும். வளைவில் திரும்பும்போது அந்த விறைப்பு கொஞ்சம் குறையும்தான். பையன் முகம் சுளிப்பான். இதைச் செய்யுமுன் அந்தச் சிறிய ரிம்முக்குள் பிரேக் அடங்குகிறதா என்றும், அந்த மாடலுக்குக் கம்பெனி ஒப்புக்கொண்ட அளவுதானா என்றும் பார்க்க வேண்டும். ஒப்புக்கொள்ளாத அளவைப் போட்டால் எஃப்.சி.க்குப் போகும்போதும் இன்சூரன்ஸ் கேட்கும்போதும் வம்புதான்.

பெரிய அளவு டயர்களின் விலை ஏன் இப்படி நிற்கிறது என்பதையும் வியாபாரிகளான நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியை லைசென்ஸ் பெற்றே செய்ய வேண்டும் என்று கட்டுப்படுத்தியது. உள்நாட்டுத் தொழிலுக்கு அது நன்மையே. ஆனால் இங்கே அதிகம் செய்யப்படாத 17, 18 அங்குல அளவுகளில் மலிவாக வந்துகொண்டிருந்த சரக்கு அதனால் குறைந்தது. போட்டி குறைந்த இடத்தில் விலை என்ன ஆகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிகளுக்கான மாற்று டயர் விற்பனையில் ஐந்து பெரிய கம்பெனிகள் கூடிப்பேசி விலை வைத்தன என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018 ஆகஸ்டில் முடிவு செய்து, ரூ.1,788 கோடி அளவுக்கு அபராதம் விதித்தது. வழக்குகளால் அந்த உத்தரவு 2022 பிப்ரவரியில்தான் வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை மறுபடி ஆராயும்படி திருப்பி அனுப்பியது. லாரித் தொழிலே மூச்சாக இருக்கும் நாமக்கல் மாவட்டத்தில் இந்த வழக்கைப் பற்றி இன்னும் உரக்கப் பேசியிருக்க வேண்டும் என்பது நமது எண்ணம்.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2017 ஜூலையிலிருந்து 28 சதவீதமாக இருந்த புது டயர் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. ரீட்ரேட் டயருக்கு 2019 ஜனவரி முதலே 18தான். ஆகவே புது டயருக்கும் ரீட்ரேட் டயருக்கும் இடையே இருந்த வரி வித்தியாசம் இப்போது இல்லை. மலிவை நாடி வேறு பக்கம் போனவர்கள் ஒருமுறை புதுக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சரக்கு வண்டி டயருக்குக் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். சொந்தக் காருக்கு எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

ரீட்ரேடிங்கைப் பற்றி இந்தப் பக்கத்து மக்களுக்கு நாம் பாடம் நடத்தத் தேவையில்லை. லாரியின் பின் சக்கரத்துக்கு அது பெரிய சேமிப்பு. இன்று நாடறிந்த எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952ல் ரீட்ரேடிங் ரப்பர் செய்து, பிறகுதான் டயருக்கு வந்தது. ஆனால் லாரி நியாயம் காருக்குப் பொருந்தாது. லாரி டயரின் கேசிங் இரண்டு மூன்று முறை ரப்பர் ஏற்றத் தாங்கும்படி செய்யப்படுகிறது. கார் டயர் அப்படிச் செய்யப்படுவதில்லை. அதிலும் வேகமாக ஓட்டத்தான் வாங்கினோம் என்கிற காருக்கு ரீட்ரேட் போடுவது வேண்டாத வேலை.

இதைவிடக் கொடுமை, சாலையோரம் அடுக்கி விற்கும் பழைய டயர்கள். வேறு காரிலிருந்து கழற்றியது, விபத்து வண்டியிலிருந்து வந்தது, உள்ளே ஒட்டுப் போட்டது என்று எல்லாம் கலந்திருக்கும். மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பட்டன் வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு வைப்பதும் உண்டு. பார்த்தால் பளபளவென்று இருக்கும். வெட்டிய இடத்தில் நூல் இழைக்கு மேல் காகிதக் கனத்துக்குத்தான் ரப்பர் மிச்சமிருக்கும். காடிக்குள்ளே குறுக்காகத் தெரியும் சின்ன மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கம்பெனி வைத்தவை. பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமானால் சட்டப்படியே டயரின் ஆயுள் முடிந்தது. காடி ஆழமாக இருந்து மேடு மட்டும் காணவில்லை என்றால் கத்தி பட்ட டயர் என்று சந்தேகப்படுங்கள்.

அடுத்தது தேதி. பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். ஐந்து வருடம் ஆனபின் ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், பத்து வருடத்தில் பட்டன் இருந்தாலும் கழற்றிவிட வேண்டும் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. ஸ்போர்ட்ஸ் காரில் இது அதிகம் கவனிக்க வேண்டியது, ஏனெனில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுத்த கார் என்று பெருமையாகச் சொல்லி விற்பார்கள். டயர் தேயாமல் இருக்கும்; விரிசல் விட்டிருக்கும். ஸ்டெப்னியையும் மறக்காமல் பாருங்கள்.

பணம் நெருக்கடியாக இருந்து இரண்டு டயர் மட்டும் மாற்றுகிறவர்கள் புது ஜோடியை எங்கே போடுவது? நம் ஊரில் பத்துக் கடையில் ஒன்பது கடை முன் சக்கரத்தில் போடும். லாரியில் அது சரியான முறை. ஸ்டியரிங் டயர் வெடித்தால் லாரியைப் பிடிக்க முடியாது. காரில் புது ஜோடி பின்னால் போக வேண்டும் என்பதே டயர் கம்பெனிகளின் ஆலோசனை. மழைத் தண்ணீரில் முன் சக்கரம் வழுக்கினால் காலைத் தளர்த்தி ஓரளவு சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் கார் பம்பரமாகச் சுற்றும். பந்தய ஓட்டுநருக்கே அதைத் திருத்துவது கஷ்டம். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் பின் டயர் முன் டயரைவிட அகலமாக இருக்கும். அங்கே இந்தக் கேள்வியே எழாது, அதனதன் இடத்தில்தான் போட வேண்டும். எதுவானாலும் ஒரே அச்சில் ஒரு பக்கம் ஒரு கம்பெனி, மறுபக்கம் வேறு கம்பெனி என்று போடவே கூடாது.

எந்தப் பிராண்டு என்று கேட்பவர்களுக்கு நாம் பெயர் சொல்லப்போவதில்லை. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும், தேதி புதிதாக இருக்க வேண்டும், சுமையும் வேகக் குறியும் பொருந்த வேண்டும். இத்தனையும் இருந்தால் விளம்பரம் அதிகம் செய்யும் முதல் கம்பெனிக்குப் பதில் மூன்றாவது கம்பெனி டயரைத் தாராளமாக வாங்கலாம். மிச்சப்படும் பணத்தில் அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் செய்துகொள்ளுங்கள். நைட்ரஜன் காற்றுக்குத் தனிக் காசு கொடுக்க வேண்டியதில்லை. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றை அளந்து பார்த்தால் போதும்.

டயர் விற்கும் நமது உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பில்லில் டயரின் அளவோடு தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள். அப்படி எழுதினால் பழைய ஸ்டாக்கை யார் எடுப்பார்கள் என்று சிலர் கேட்கிறார்கள். தேதியைச் சொல்லி விலையைக் குறைத்துக் கொடுங்கள். தெரிந்து வாங்குகிறவர் வாங்கட்டும். மருந்துக் கடையிலும் பிஸ்கட் பாக்கெட்டிலும் தேதி போட்டு விற்கும்போது, மணிக்கு நூறு கிலோமீட்டரில் நான்கு உயிர்களைத் தாங்கிப் போகும் பொருளின் தேதியை மறைத்து விற்பதற்கு எந்த நியாயமும் நமக்குத் தோன்றவில்லை. பில் இல்லாமல் விற்கும் சாலையோரப் போட்டியைச் சமாளிக்கவும் இதைவிட நல்ல ஆயுதம் நேர்மையான கடைக்காரருக்குக் கிடையாது.

கழற்றிய டயரை வீட்டுக்குக் கொண்டுபோய் மொட்டை மாடியில் போடுகிற வழக்கத்தையும் விட வேண்டும். ஐப்பசி மழைத் தண்ணீர் அதில் தேங்கினால் டெங்குக் கொசுவுக்கு அதுவே தொட்டில். பழைய டயர்களை முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு 2022 ஜூலை விதிகளின்படி தயாரிப்பாளர்களுக்கே வந்துவிட்டது. கடையிலேயே ஒப்படைத்துவிட்டு, மறுபடி யாரும் பட்டன் வெட்டி விற்காதபடி பக்கவாட்டில் ஒரு வெட்டுப் போடச் சொல்லிவிட்டு வாருங்கள்.