ஓடும் வரைபடத்தை எவ்வளவு நம்பலாம்?

இன்டர்நெட்டில் மக்கள்தொகை வரைபடம் ஒன்றையாவது பார்த்திருப்பீர்கள். பிளே பட்டனை கிளிக் செய்தால் ஆண்டு எண் ஓடும். மாநிலங்கள் வெளிர் மஞ்சளில் தொடங்கி அடர் சிவப்பாக மாறிக்கொண்டே போகும். பார்க்க அழகுதான். ஆனால் அந்த வழவழப்பான ஓட்டத்தை நம்பாதீர்கள். இத்தகைய வரைபடங்களுக்கு புரோகிராம் எழுதுபவன் என்பதால் சொல்கிறேன்.

இவற்றில் பல எஸ்.வி.ஜி. என்னும் வெக்டர் முறையில் அமைந்தவை. போட்டோவைப் போல புள்ளிகளால் ஆனவை அல்ல. எல்லைக்கோடு எங்கெங்கே திரும்புகிறது, உள்ளே என்ன நிறம் என்ற விவரமெல்லாம் வெறும் எழுத்தும் எண்ணுமாக பைலில் இருக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாது. படத்தை அசைப்பதும் சுலபம். தொடக்கத்தில் இந்த நிறம், பத்து விநாடி கழித்து அந்த நிறம் என்று எழுதிவிட்டால் போதும். இடைப்பட்ட நிறங்களை பிரவுசரே கணக்குப் போட்டு நிரப்பிவிடும்.

சிக்கல் அங்கேதான். கணக்கெடுப்பு பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் நடக்கும். (2021-ல் அதுவும் நடக்கவில்லை.) இன்றைய இந்திய எல்லைக்குள் 1911-ல் 25.21 கோடி பேர் இருந்தார்கள். 1921-ல் 25.13 கோடி. இதை ஓடவிட்டால் பத்து ஆண்டுகளிலும் நிறம் துளித்துளியாக வெளிறும், அவ்வளவே. நடந்தது வேறு. 1918-ன் பிற்பகுதியில் பரவிய இன்ஃபுளுயன்சா காய்ச்சல் சில மாதங்களிலேயே ஒரு கோடிக்கும் அதிகமானோரைப் பலிகொண்டது. இரண்டு எண்களும் சரி. இடையில் வந்ததெல்லாம் பிரவுசரின் கற்பனை. நான் செய்த முதல் வரைபடமும் இப்படித்தான் ஓடியது. பார்த்தவர்கள் பாராட்டினார்கள். ஒருநாள் 1918-ல் நிறுத்திப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. அத்தனை சாவையும் நான் ஒரு மெல்லிய நிற மாற்றமாக ஆக்கியிருந்தேன்.

எல்லை மாறினாலும் இதே கதைதான். கோவை மாவட்டத்தில் 2001-ல் 42 லட்சத்துக்கு மேல்; 2011-ல் 34 லட்சத்துச் சொச்சம். யாரும் ஊரைக் காலி செய்யவில்லை. 2009-ல் திருப்பூர் தனி மாவட்டமானது.

எஸ்.வி.ஜி-யிலேயே இதற்கு வழி இருக்கிறது. நிறம் மாறும் முறையைச் சொல்லும் கால்க்மோட் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாவிட்டால் பிரவுசர் லீனியர் என்று எடுத்துக்கொண்டு சீராக மாற்றும். டிஸ்கிரீட் என்று எழுதினால் கணக்கெடுப்பு ஆண்டு வரும்போது மட்டும் நிறம் தாவும். தாவினால் நன்றாக இல்லை என்று வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும். எண்ணிப் பார்க்காத ஆண்டுக்கு நிறம் பூச நமக்கு உரிமை இல்லை. தாவும் வரைபடமும் 1918-ஐக் காட்டாதுதான். அதை ஒரு குறிப்பாக எழுதி ஒட்டத்தான் வேண்டும்.

நீங்களும் சோதித்துப் பார்க்கலாம். எஸ்.வி.ஜி. வரைபடம் தனி பைலாகக் கிடைத்தால் சேவ் செய்து நோட்பேடில் திறங்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் எத்தனை நிறங்கள் கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். திரையில் நூறு ஆண்டுகள் ஓடும். பைலில் பதினோரு நிறங்கள்தான் இருக்கும்.