'தி புவர்' என்று எழுதுவது பிழையாகுமா?

'தி புவர்', 'தி மென்டலி இல்', 'தி டிஸேபிள்டு' முதலிய தொடர்களோடு 'தி பிரெஞ்ச்' என்பதையும் ஒரே வரிசையில் நிறுத்தி, மனிதரை ஒட்டுமொத்தமாகச் சுட்டும் இவ்வகை வழக்குகளை விலக்குமாறு அசோஸியேட்டட் பிரஸ் செய்தி ஸ்தாபனத்தின் நடைக் கையேட்டார் 2023 ஜனவரி 26ஆம் நாள் ட்விட்டரில் அறிவுரை கூறியதும், எழுந்த பரிகாசத்தைக் கண்டு அப்பதிவை நீக்கிவிட்டு விளக்கம் அளித்ததும் நம் வாசகர் அறிந்ததே. பத்திரிகை உலகம் அதனை மறந்துவிடலாம். ஆங்கில இலக்கணம் போதிப்பதையே ஜீவனமாகக் கொண்ட நாம் மறப்பதற்கில்லை. பெயரடையைப் பெயராக ஆளும் பாடத்தில் இனி எதைச் சரியென்பது என்ற கேள்விக்கு இவ்விதழ் தன் அபிப்பிராயத்தைச் சொல்லியாக வேண்டும்.

அறிவுரையின் நோக்கம் நன்று. நோயையோ உடற்குறையையோ ஒருவருடைய முழு அடையாளமாக்கிவிடாமல், 'பீப்பிள் வித் மென்டல் இல்னஸ்' என்று மனிதரை முன்னும் நோயைப் பின்னும் வைப்பது பண்பாடு. அதனை மனமார ஏற்கிறோம். ஆயினும் அது மரியாதையைப் பற்றிய விஷயமேயன்றி இலக்கண விஷயம் அன்று. இங்கிலிஷ், ஐரிஷ், டச், பிரெஞ்ச் என்பன, ஜெர்மன்ஸ், இந்தியன்ஸ் என்பன போல 'ஸ்' ஏற்றுப் பன்மையாக மாட்டாதவை. ஒரு ஜன சமூகம் முழுவதையும் சுட்ட 'தி' சேர்ந்த பெயரடையே அவற்றுக்கு இயல்பாய் அமைந்த வழி. அதனையும் நோயாளரைச் சுட்டும் தொடரையும் ஒரே கயிற்றில் கட்டியதுதான் கையேட்டார் செய்த பிழை.

நம் கவலை வேறு. தமிழில் 'ஓர் ஏழை' என்றும் 'ஏழைகள்' என்றும் எண் ஏற்று வருவதால், நம் மாணாக்கர் 'எ புவர்' என்றும் 'தி புவர்ஸ்' என்றும் எழுதுவது சகஜம். பெயரின் ஸ்தானத்தில் நின்றாலும் அச்சொல் பெயரடையின் சுபாவத்தை விடவில்லை, ஆதலால்தான் 'தி வெரி புவர்' என்று 'வெரி'யை ஏற்கிறது, 'ஸ்' ஏற்க மறுக்கிறது, ஆனால் பன்மை வினையை வேண்டுகிறது என்று காரணம் காட்டி விளங்கவைப்பதற்குள் நமக்கு ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. 'தி அக்யூஸ்டு' ஒருமைக்கும் வரும், 'தி அன்நோன்' ஒருமை வினையே கொள்ளும் என்பன அதற்கு அப்பால். இந்நிலையில், இவ்வறிவுரை நம் வினாத்தாள் அமைப்போரின் கைக்குச் சென்று, 'தி புவர்' என்பதே பிழையென விடைக்குறிப்பில் ஏறிவிடுமானால், காரணம் கற்ற பிள்ளை தோற்கும்; கட்டளையை உருப்போட்ட பிள்ளை வெல்லும்.

இது வீண் பயமன்று. பெயரடைகளின் வரிசைக்கு நேர்ந்த கதியைப் பாருங்கள். அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், தேசம், பொருள், பயன் என்னும் எட்டுக் கட்டங்களும், வழக்கை நோக்கி எழுந்த ஒரு வர்ணனை. வயது முன்னோ வடிவம் முன்னோ என்பதில் நூலுக்கு நூல் வேறுபாடும் உண்டு. பொருளின் உள்ளியல்பைச் சொல்லும் அடை பெயரை ஒட்டி நிற்கும், சொல்வோனின் மதிப்பீட்டைச் சொல்லும் அடை விலகி நிற்கும் என்பதே அதன் அடியில் உள்ள நியாயம். 'அழகிய சிறிய வெள்ளை மரப்பெட்டி' என்று தமிழில் இயல்பாகச் சொல்லும் பிள்ளையின் செவியிலேயே அந்த நியாயம் இருக்கிறது. 'மர வெள்ளை அழகிய பெட்டி' என்று சொல்லிக் காட்டினால் அவன் முகம் சுளிக்கிறான். அங்கிருந்து தொடங்குவதே போதனை.

ஆனால் அதிகாரத்தில் இருப்போருக்கு வர்ணனை போதவில்லை, சட்டம் வேண்டியிருக்கிறது. 'எ பிக் பியூட்டிஃபுல் ஹவுஸ்' என்று எழுதிய பிள்ளைக்கு, விடைக்குறிப்பில் 'பியூட்டிஃபுல்' முன்னே நிற்கிறது என்ற ஒரே காரணத்தால் மதிப்பெண் மறுக்கப்பட்டதை, விடைத்தாள் திருத்தும் முகாம் ஒன்றில் நாமே கண்டோம். ஆங்கிலேயர் அவ்விரண்டு வரிசையையும் ஆள்கிறார்கள் என்றும், குழந்தைக் கதையின் 'பிக் பேட் உல்ஃப்' அந்தக் கட்டங்களை மீறியே நிற்கிறது என்றும் எடுத்துரைத்தபோது, குறிப்பில் உள்ளதே முடிவு என்றார் முதன்மைத் தேர்வாளர். வகுப்பறையில் நின்று பழகியவர்களைக் கலந்துகொள்ளாமல் விடைக்குறிப்பு தயாரிப்பதும், ஆட்சேபித்தால் கீழ்ப்படியாமை என்று முத்திரையிடுவதும் எந்த வகையில் நியாயம்? அந்தப் பிள்ளை இழந்த மதிப்பெண்ணுக்கு யார் பொறுப்பு?

ஆகவே முகாமுக்குச் செல்லும் அன்பர்களை வேண்டிக்கொள்கிறோம்: 'தி புவர் ஆர்' என்று எழுதியவருக்கு முழு மதிப்பெண் அளியுங்கள், 'பீப்பிள் லிவிங் இன் பாவர்டி' என்று எழுதியவருக்கும் அவ்வாறே அளியுங்கள், ஏழை ஜனங்களைக் குறிக்க 'தி புவர் இஸ்' என்று எழுதினால் மட்டும் குறையுங்கள். விடைக்குறிப்பு இடங்கொடாவிடில், உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் தந்து கையொப்பமிட்டு, அதன் பிரதியொன்றை நமக்கும் அனுப்புங்கள்.