வில்பத்தும் நம் சொற்களும்

பழைய மாணவர் நால்வர் ஒன்றுகூடினால் இக்காலத்தில் அவர்தம் பேச்சு முதலிற் செல்லுவது பயணத்தின் மேலேயே. கனடாவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ ஒருவர் விடுமுறையில் வந்திறங்குவார். ஊரிலுள்ளோர் வேலைக்கு லீவு எழுதிக் கொடுப்பர். வான் ஒன்று பேசப்படும். புட்டும் சம்பலும் பொதி கட்டப்படும். அவ்வாறு புறப்படுவோர் அண்மைக்காலமாக விரும்பி நாடும் இடங்களுள் ஒன்று வில்பத்துத் தேசியப் பூங்கா. சென்ற விடுமுறையில் என் வகுப்புத் தோழர் நால்வருடன் யானும் அங்குச் சென்று வந்தேன். பயணக் கட்டுரை வரைவது என் நோக்கமன்று. நம்மவர் அக்காட்டுக்குள் ஓடித் திரியும் முறை காட்டுக்கும் பயன்படவில்லை, நமக்கும் பயன்படவில்லை என்னும் ஒரு கருத்தையே இம்மலர் வாயிலாகக் கல்லூரிக் குடும்பத்தின் முன் வைக்க விழைகின்றேன்.

இன்று நாற்பது வயதைத் தாண்டி நிற்கும் எம் தலைமுறையினர்க்கு வில்பத்து நெடுங்காலம் வெறும் பெயராகவே இருந்தது. 1905 ஆம் ஆண்டிற் சரணாலயமாகவும் 1938 இல் தேசியப் பூங்காவாகவும் அமைந்த அவ்வனம், 1,317 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. இலங்கைத் தேசியப் பூங்காக்களுள் அதுவே பெரியது. எனினும் எண்பதுகளிற் போர் அதன் வாயிலை அடைத்தது. 2003 இல் திறந்தார்கள். 2006 மே மாதத்தில் அங்குக் கண்ணிவெடியில் ஒரு வாகனம் சிக்கிப் பார்வையாளர் பலர் மாண்டனர். மாண்டவருள் ஒருவர் நிகால் டி சில்வா. ஓர் இராணுவ அதிகாரியும் ஒரு போராளிப் பெண்ணும் இதே காட்டினூடாக நடந்து செல்லும் கதையை ஆங்கிலத்தில் நாவலாக எழுதியவர் அவர். தாம் எழுதிய காட்டிலேயே அவர் உயிர் பிரிந்தது. 2010 இல் மீண்டும் வாயில் திறந்தது. ஆகவே இன்று நாம் அநுராதபுரத்தைக் கடந்து, அதற்கு மேற்கே ஏறத்தாழ 30 கிலோமீற்றரிலுள்ள அப்பூங்காவுக்கு அச்சமின்றிச் சென்று வருவது சிறிய பேறன்று. பெற்ற பேற்றை எவ்வாறு பயன்படுத்துகின்றோம் என்பதே வினா.

காலை ஆறு மணிக்கு வாயில் திறக்கும். ஜீப்பு வண்டிகள் வரிசையாக உட்புகும். அதன்பின் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. சாரதியின் கைத்தொலைபேசி ஒலிக்கும். "சிறுத்தை நிற்கிறதாம்" என்பார். வண்டி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறக்கும். எங்கள் வண்டி போய்ச் சேர்ந்தபோது அவ்வொடுங்கிய பாதையிற் பதினொரு வண்டிகள் ஒன்றையொன்று முட்டாத குறையாக நின்றன. ஒருவர் கூரைமேல் ஏறினார். ஒருவர் முன்வண்டிக்காரரை ஏசினார். சிறுத்தை நின்ற இடத்திற் புதர் மட்டுமே இருந்தது. இவ்வாறு அன்று முற்பகலில் மூன்று முறை ஓடினோம். இடையில் எத்தனை வில்லுகளைக் கடந்தோம், எம்மரங்களின் கீழே சென்றோம் என்று கேட்டால் வண்டியில் இருந்த ஒருவராலும் விடை கூற இயலாது.

கனடாவிலிருந்து வந்த நண்பர் இதற்கு ஒரு நியாயம் கூறினார். அதனை மறைத்தல் முறையன்று. "இருபது ஆண்டுக்கு ஒருமுறை வருகிறேன். ஜீப்புக் கூலியும் நுழைவுச்சீட்டும் சேர்ந்து எவ்வளவு என்று உனக்குத் தெரியும். மரத்தைப் பார்க்கவா இவ்வளவு செலவழித்தேன்? மரம் எங்கள் வளவிலும் நிற்கிறது" என்றார். செலவழித்தவன் ஆசைப்படுவதிற் பிழையில்லை. சிறுத்தையும் பார்க்கத்தக்க பேரழகுடைய விலங்கே. புலியில்லாத இந்நாட்டிற் காட்டுக்கு அதுவே அரசு. ஆனால் "மரம் எங்கள் வளவிலும் நிற்கிறது" என்றாரே, அங்குதான் என் வழக்குத் தொடங்குகிறது.

அந்நண்பரின் தந்தையார் கட்டிய வீட்டின் கதவுகள் முதிரை மரத்தாலானவை. எண்பது ஆண்டு கடந்தும் கறையான் தொடவில்லை என்று அவர் எவரிடமும் பெருமையாகக் கூறுவார். நண்பகலில், இறங்குவதற்கு அனுமதியுள்ள ஓரிடத்தில் நாங்கள் உணவுப்பொதி அவிழ்த்தபோது, வெடித்துத் தடித்த பட்டையையுடைய ஒரு மரத்தில் அவர் முதுகு சாய்த்திருந்தார். "இஃது என்ன மரமோ" என்று அவரே கேட்டார். எங்களுடன் வந்த திணைக்கள வழிகாட்டி சிங்களத்தில் "புருத்த" என்றார். முதிரைதான் அது! மூன்று தலைமுறையாக அக்குடும்பத்தைக் காத்து நிற்கும் மரம், பலகையாக அன்றி மரமாக அன்றுதான் அவர்க்கு அறிமுகமாயிற்று.

அவ்வழிகாட்டியைப் பற்றி இரண்டு சொல். சிங்கள இளைஞர், தமிழ் சில சொற்களே அறிவார். ஆயினும் அவர் சுட்டிய மரங்களின் பெயர்கள் எமக்கு அந்நியமாக ஒலிக்கவில்லை. "பலு" என்றார், நம் பாலை. "வீர" என்றார், நம் வீரை. இரு மொழியும் ஒரே காட்டின் நிழலில் வளர்ந்தவை என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வகுப்பறையிற் கிடைப்பது அரிது.

வில்பத்து என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். என் மாணவரிடம் பொருள் கேட்டால் "பத்து வில்" என்று விடை வருகிறது. இராமனையும் அருச்சுனனையும் காட்டுக்குள் அழைத்து வந்துவிடுகின்றனர்! வில்லு என்பது மழைநீர் தேங்கும் ஆழமற்ற இயற்கை நீர்நிலை. ஆற்றோடு தொடர்பில்லை; கட்டிய அணையில்லை; வடகீழ்ப் பருவமழை நிரப்ப, கோடை வற்றச்செய்யும். அத்தகைய வில்லுகள் அங்கு ஏறத்தாழ 60 உள்ளன. சிலவற்றின் நீர் உவர். பத்து என்பது கோறளைப்பற்று, மண்முனைப்பற்று என நாம் வழங்கும் பற்றே எனக் கொள்வது பொருத்தமாகும். ஆகவே வில்லுகள் நிறைந்த பற்று. உள்ளே செல்லச் செல்ல நீரைக் குறிக்கும் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன: பணிக்கர் வில்லு, மரதன்மடு, கொக்மோட்டை, மணிக்கப்பொல ஊத்து. ஊத்து நம் ஊற்று. மோட்டை என்பது வன்னியிற் சிறு குளத்தைக் குறிக்கும். வவுனியாவிற் பாலமோட்டை என ஓர் ஊரே உண்டு. பணிக்கர் என்போர் யானை பிடிக்கும் தொழிலில் வல்லவர். அவருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள். எமேர்சன் டெனன்ற் 19 ஆம் நூற்றாண்டில் அவர்தம் துணிவை வியந்து எழுதியிருக்கிறார். அத்தொழில் மறைந்தும் ஒரு நீர்நிலையிற் பெயர் தங்கிவிட்டது. குளம், வில்லு, மடு, மோட்டை, ஊற்று என நீர் நிற்கும் ஒவ்வொரு நிலைக்கும் தனிப்பெயர் வைத்தவர் நம் முன்னோர். நாமோ எல்லாவற்றையும் "லேக்" என்று அழைத்துப் படம் பிடித்து அனுப்புகின்றோம்.

கடலோரத்திற் குதிரைமலை என ஒரு செம்மண் மேடு பூங்காவுக்குள் இருக்கிறது. புறநானூற்றுக் குதிரைமலை இதுவே என்று சாதிப்போர் உளர். தமிழகத்து மலை என்போரும் உளர். அவ்வழக்கில் யான் தலையிடப்போவதில்லை. பொன்பரிப்பிலோ வழக்குக்கு இடமில்லை: அங்கு மண்ணிற் புதைந்த ஈமத் தாழிகள் கிடைத்துள்ளன; 1970 இலும் அகழ்ந்து ஆராய்ந்தனர். எழுத்துத் தோன்றிப் பரவுமுன்னரே மனிதர் வாழ்ந்து மாண்ட நிலத்தின் மேலாகத்தான் நம் ஜீப்புகள் சிறுத்தைக்கு விரைகின்றன.

நிற்க. மரத்தை அறிந்தவனுக்கே விலங்கும் தென்படும் என்பதையும் கூறவேண்டும். பாலைப்பழத்தை அறியாத யாழ்ப்பாணத்தார் இரார். வன்னியிலிருந்து வந்து சந்தையிற் குவியும்போது வாயெல்லாம் பிசின் ஒட்ட உண்டவர்களே நாம். அதே பழத்துக்காகவே கரடி மரமேறுகிறது. மே, ஜூன், ஜூலை மாதங்களிற் பழுத்த பாலைமரம் ஒன்றைக் கண்டு, அதன் எதிரே பொறுமையாக நிற்பவன் கரடியைக் காண்பதற்கு வாய்ப்பு மிகுதி. சிறுத்தையும் அவ்வாறே. அது நடமாடும்போது மந்தி மரவுச்சியிலிருந்து குரல் எழுப்பும். புள்ளிமான் கூவி எச்சரிக்கும். இயந்திரத்தை நிறுத்திச் செவிகொடுத்தால் காடே வழிகாட்டும். பிற்பகலில் வழிகாட்டியின் சொற்கேட்டு ஒரு வில்லின் கரையில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தியிருந்தோம். மருதமர நிழலில் மான்கூட்டம் வந்து நீரருந்தியது. மரத்துண்டு என்று நாம் எண்ணியது முதலையாகி நகர்ந்தது. நாரைகள் இறங்கின. சிறுத்தை வரவில்லை. கனடா நண்பர் கைத்தொலைபேசியைச் சட்டைப்பையில் இட்டு, மீண்டும் எடுக்கவேயில்லை.

இனி மாணவரைப் பற்றி. முல்லைக்குக் கொன்றை, காயா, குருந்து என்று கருப்பொருள் ஒப்புவித்துப் புள்ளி பெறுகிறான் நம் மாணவன். திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்கிறான். காயா நம் உலர் வலயக் காடுகளில் நிற்கும் மரம். நீலமும் ஊதாவும் கலந்து பூப்பது. அதனைக் கண்டவர் வகுப்பில் ஒருவர்கூட இல்லை. கண்டிராத பூவால் வண்ணம் எவ்வாறு விளங்கும்? உரையாசிரியர் எழுதியதை நானும் கரும்பலகையில் எழுதலாம். அதற்குமேல் வகுப்பறையால் இயலாது. இன்னொன்று: பாலைத்திணைக்குப் பெயர் தந்த பாலை, நாம் பழம் உண்ணும் பாலையன்று, வெப்பாலை என்பர். இவ்வேறுபாட்டைப் பரீட்சைக்காக எழுதிப் பார்ப்பதிலும், மரத்தடியில் நின்று கேட்பதிலும் எவ்வளவு வேறுபாடு!

சொற்கள் நூலில் மட்டும் வாழ்வதில்லை. வழங்கும் வாயும் சுட்டும் விரலும் வேண்டும். வன்னியிலிருந்து எங்கள் ஊர்ச் சந்தைக்கு விறகும் தேனும் கொண்டுவந்த முதியவர்கள் நூறு மரத்தை இலை கண்டே பெயர் கூறினர். அவர்கள் பலர் இன்றில்லை. எஞ்சியோரிடம் நாம் கேட்டெழுதாவிடின், யாவரணையும் விண்ணாங்கும் அகராதியில் "ஒருவகை மரம்" என்ற அளவில் முடிந்துவிடும்.

ஆதலால் பழைய மாணவர் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். ஜூபிலி ஆண்டில் மண்டபம் எழுப்புங்கள், விருந்து வையுங்கள், தடையில்லை. அத்துடன் ஆண்டுதோறும் உயர்தர வகுப்பிலிருந்து முப்பது மாணவரை வில்பத்துக்கு அனுப்பும் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். பயண நண்பர்களாகப் பழைய மாணவர் சிலரும் உடன் வரட்டும். தமிழாசிரியரும் உயிரியல் ஆசிரியரும் சேர்ந்து முன்கூட்டியே ஐம்பது மரத்தின் தமிழ்ப் பெயர், சிங்களப் பெயர், இலையின் படம் ஆகியன கொண்ட சிறு கையேடு ஒன்றை ஆக்கட்டும். வன்னி முதியவர் ஒருவரிடம் அதனைக் காட்டித் திருத்தம் பெறட்டும். பாலை பழுக்கும் மாதத்தைத் தெரிந்து, முதல்நாள் இரவே அநுராதபுரத்திற் தங்கிவிட்டால், வாயில் திறக்கும் வேளையில் உட்செல்லலாம். கைத்தொலைபேசி அழைப்புக்கு ஓடுவதில்லை என்று சாரதிகளிடம் கூலி பேசும்போதே கூறிவிட வேண்டும். கையேட்டுக்குரிய முதற் பதினெட்டுப் பெயர்களை எழுதி வைத்திருக்கின்றேன். உயிரியல் ஆசிரியர் பார்த்துத் தந்ததும் சங்கச் செயலாளரிடம் ஒப்படைப்பேன்.