பழைய பம்பியும் புதிய எண்ணெயும்

வெற்றிடம் என்னும் சொல்லை எங்கள் மாணவர் புத்தகத்திற் படிக்கின்றனர். பரீட்சையிலும் பிழையற எழுதுகின்றனர். ஆயின் நெருப்பின்றி நீர் கொதிப்பதையும், கண்ணாடிக் கூட்டினுள்ளே மணி அசைந்தும் ஓசை தேய்ந்து மறைவதையும் கண்ணாரக் கண்டவர் அவர்களுட் சிலரே. இவற்றைக் காட்டுதற்கு வேண்டியது வளியை வெளியேற்றும் நல்லதொரு பம்பி. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபின், புதிய பம்பி வாங்குதல் பல பாடசாலைகளுக்கு எட்டாத காரியமாயிற்று. ஆதலால் பழையதொன்றைத் தேடிப் பெற்று அதனைத் திருத்தி ஓடச் செய்யும் வழியை இவ்வாரம் கூறுவோம்.

அத்தகைய பம்பியைத் தேடி வெகுதூரம் போகவேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டிகளையும் அறைக் குளிரூட்டிகளையும் திருத்துவோர், குழாய்களிலுள்ள வளியையும் ஈரத்தையும் அகற்றுதற்கு இதனையே பயன்படுத்துகின்றனர். எமது ஆய்வுகூடத்துக்கு வந்த பம்பியும் அத்தகைய பட்டறையொன்றின் மூலையிற் கிடந்ததே. எண்ணெய்மட்டம் காட்டும் கண்ணாடியினூடே பார்த்தபோது, எண்ணெய் பால்போல வெளுத்திருந்தது. இறுதியாக எப்போது எண்ணெய் மாற்றியதென்று பட்டறைத் தம்பியை வினவினேன். "குறையக் குறைய விட்டனாங்கள், மாஸ்டர், மாத்தேல்லை" என்றார். பம்பியின் நோய் அந்த ஒரு மறுமொழியிலேயே விளங்கிவிட்டது.

நோயை அறியுமுன் உடலின் அமைப்பை அறிதல் வேண்டும். 'ரோட்டரி வேன்' என வழங்கும் இப்பம்பியில், வட்டமான கூடொன்றினுள் அதனிலும் சிறிய உருளையொன்று மையம் விலகி நின்று சுழல்கிறது. உருளையிலுள்ள பிளவுகளில் இரண்டு தகடுகள் செருகப்பட்டுள்ளன. அவை விற்சுருளின் விசையாலோ சுழற்சியின் வேகத்தாலோ வெளியே தள்ளப்பட்டுக் கூட்டின் சுவரைத் தடவிக்கொண்டு ஓடுகின்றன. ஒரு தகட்டின் பின்னே இடம் விரிய வளி உட்புகுகிறது. மறு தகட்டின் முன்னே இடம் ஒடுங்க வளி அமுக்கப்பட்டு வால்வைத் திறந்து வெளியேறுகிறது. உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பது எண்ணெயே. ஆகவே இங்கு எண்ணெய் வெறும் வழுக்குப்பொருளன்று. இயந்திரத்தின் ஓர் உறுப்பு எனலே பொருந்தும்.

ஜேர்மானியரான ஒட்டோ வொன் கெரிக்கே 1654ஆம் ஆண்டில் றேகன்ஸ்பேர்க் நகரிலே பேரரசர் முன்னிலையில் தமது வளிப்பம்பியைக் காட்டினார். அது கையால் இயக்கும் உருளைப்பம்பி. எண்ணெய் அடைப்புடைய சுழற்பம்பியை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சீர்செய்தவர், அந்நாட்டினரேயான வொல்வ்காங் கேடே. அவரே 1935ஆம் ஆண்டில், எமது பம்பியைப் பீடித்த அதே நோய்க்கும் பரிகாரம் கண்டார்.

அந்நோய் யாது? நீர். பம்பி ஈரமுள்ள வளியை இழுக்கிறது எனக் கொள்வோம். வெளியேறும் வால்வு திறப்பதற்கு உள்ளே அமுக்கம் 760 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சற்று மேலாதல் வேண்டும். ஆனால் பம்பி 60 பாகை வரை சூடேறியிருப்பினும், நீராவி 149 மில்லிமீற்றர் அமுக்கத்துக்கு மேல் ஆவியாய் நில்லாது, ஒடுங்கி நீராகிவிடும். வால்வு திறக்குமுன்னரே இது நிகழ்வதால், அந்நீர் எண்ணெயுடன் கலந்து தங்குகிறது. பின்னர் எண்ணெயோடு உள்வாயிற் பக்கம் சென்று மீண்டும் ஆவியாகிறது. தான் வெளியேற்ற வேண்டிய நீரையே பம்பி திரும்பத் திரும்பக் குடிக்கிறது! எவ்வளவு நேரம் ஓடினும் நல்ல வெற்றிடம் உண்டாகாமைக்குக் காரணம் இதுவே. ஓடாது கிடக்கும் காலத்தில் அந்நீர் உருக்கிலே துருவையும் விளைக்கும்.

கேடே கண்ட பரிகாரம் எளிது. அமுக்கப்படும் அறையினுள் வெளிவளியைச் சிறிதளவு புகவிட்டார். அவ்வளி சேர்வதால், நீராவி ஒடுங்குமுன்னரே மொத்த அமுக்கம் உயர்ந்து வால்வு திறக்கிறது. நீராவி வளியுடன் வெளியேறிவிடுகிறது. பல பம்பிகளின் மேற்புறத்திற் காணப்படும் சிறு திருகுமூடி இதற்கானதே. பயன்படுத்துவோருட் பலர் அதனைத் தொடுவதேயில்லை.

இனித் திருத்தும் முறை. முதலில், அப்பம்பி முன்பு எதனை இழுத்தது என்று விசாரியுங்கள். இரசமோ நச்சுப்பொருளோ இழுத்த பம்பியைப் பாடசாலைக்குள் கொண்டுவரலாகாது. அடுத்து, மோட்டரின் தகட்டைப் படியுங்கள். எங்கள் மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். மின்தொடுப்பை முற்றாக நீக்கியபின் தண்டைக் கையாற் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் வலிந்து திருகாமல், பழைய எண்ணெயை வடித்துப் புதிய எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவிடுங்கள். கையாற் சுழல்வதை மோட்டர் சுழற்றாது முனகுமாயின், பெரும்பாலும் குற்றம் கொள்ளளவியில் இருக்கும். அதனை மின்வேலை அறிந்தவரிடம் விடுவதே முறை.

தண்டு சுழன்றால், புதிய எண்ணெயுடன் கால்மணி நேரம் ஓட்டிச் சூடாயிருக்கும்போதே வடியுங்கள். வடியும் எண்ணெய் தெளியும் வரை இதனைத் திரும்பச் செய்யுங்கள். எமது பம்பிக்கு மூன்று முறை வேண்டியிருந்தது. வெற்றிடப் பம்பிக்கென விற்கும் எண்ணெயையே விடுதல் வேண்டும்; மோட்டார்வண்டி எண்ணெயிற் கலந்துள்ள பொருள்கள் எளிதில் ஆவியாகி வெற்றிடத்தைக் கெடுக்கும். கழிவெண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றாது, போத்தலில் அடைத்துக் கழிவெண்ணெய் சேர்ப்போரிடம் கொடுங்கள்.

இவ்வளவாலும் குணமாகாவிடின் பம்பியைக் கழற்றலாம். எந்தத் தகடு எந்தப் பிளவில், எந்த விளிம்பு வெளிநோக்கி இருந்தது என்பதைக் குறித்துப் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிசினாய் உறைந்த எண்ணெயினால் தகடு பிளவினுள் ஒட்டிக்கொள்வது சாதாரணம். மண்ணெண்ணெயாற் கழுவி, நூலுதிராத துணியால் துடைத்து, பம்பி எண்ணெய் பூசிப் பொருத்துங்கள். கூட்டின் உட்சுவரில் அரத்தாள் படலாகாது. இறுகி வெடித்த இறப்பர் வளையங்களை மாற்றுங்கள்.

பின்னர்ப் பரிசோதனை. இங்கேதான் மாணவர் கற்கவேண்டிய பாடம் உள்ளது. பம்பியைக் குழாயுடனும் கண்ணாடிக் கூட்டுடனும் சேர்த்து ஓட்டி, "வெற்றிடம் வரவில்லை" என்று கூறுவதாற் பயனில்லை. எங்கே ஒழுக்கு என்பது அதனால் விளங்காது. முதலில் உள்வாயிலை அடைத்துப் பம்பியைத் தனியே ஓட்டுங்கள். தொடக்கத்தில் எழும் களகளவென்ற ஓசை அடங்கி, வெளிவாயிலிற் குமிழிகள் நின்று, 'டக் டக்' என்ற வறண்ட ஒலி மட்டும் கேட்குமாயின் பம்பி நலமாயுள்ளது. அதன்பின் குழாயைச் சேருங்கள். பின்னர் கூட்டைச் சேருங்கள். எதனைச் சேர்த்தபோது நிலை கெட்டதோ அங்கேதான் குற்றம்.

இறுதியாக, கூட்டினுள் சிறு கிண்ணத்தில் நீர் வையுங்கள். 30 பாகையிலுள்ள நீர், அமுக்கம் ஏறத்தாழ 32 மில்லிமீற்றருக்கு இறங்கியதும் கொதிக்கத் தொடங்கும். விலையுயர்ந்த அமுக்கமானி இல்லாத பாடசாலைக்கு அந்நீரே மானியாகும். அப்போது வளி புகவிடும் திருகுமூடி திறந்திருத்தல் அவசியம்.

ஓர் எச்சரிக்கை. 20 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கண்ணாடிக் கூட்டின் வாய்ப்பரப்பை ஒத்த அளவில் வளிமண்டலம் 300 கிலோகிராமுக்கு மேற்பட்ட சுமையை ஏற்றுகிறது. வெற்றிடத்துக்கெனச் செய்த தடித்த கண்ணாடியையே கொள்ளுக. சம்பல் போத்தலையும் ஊறுகாய்ச் சாடியையும் ஒருபோதும் வையாதீர். பார்ப்போர் அனைவரும் கண்காப்பு அணிதல் வேண்டும். நிறுத்தும்போது கூட்டின் குழாயை மூடி, பம்பியை நிறுத்தி, உடனே பம்பியினுள் வளியைப் புகவிடுங்கள். இன்றேல் எண்ணெய் குழாய்வழியே ஏறிவிடும்.

எமது பம்பியைக் கழுவி ஓட்டியவர்கள் உயர்தர வகுப்பு மாணவர் நால்வர். நீர் கொதித்தபின் ஒருவன் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, "சேர், குளிருது" என்றான். ஆவியாதற்கு வேண்டிய வெப்பத்தை நீர் தன்னிடமிருந்தே பெற்றுக் குளிர்கிறது என்பதை அவனுக்கு இனி எவரும் மனப்பாடம் செய்விக்க வேண்டியதில்லை.

அம்மாணவர் பம்பியின் கைப்பிடியில் அட்டையொன்றைக் கட்டியுள்ளனர். எண்ணெய் மாற்றிய நாளும் ஓடிய மணித்தியாலமும் அதிற் குறிக்கப்படுகின்றன. நீர்ப் பரிசோதனை முடிந்ததும் திருகுமூடியைத் திறந்தபடி அரைமணி நேரம் பம்பியை ஓட்டி உலர்த்துதல் வேண்டுமென்ற விதியும் அதன் பின்புறத்தில் எழுதப்பட்டுள்ளது. திருத்திய பம்பி எத்தனை வகுப்புகளுக்குப் பயன்படும் என்பது அந்த அட்டையை இனி வருவோர் ஒழுங்காக நிரப்புவதிலேயே தங்கியுள்ளது.