ஸ்னாப்ஷாட் எடுத்தாச்சு, அப்புறம்?

எடப்பாடிப் பக்கம் விசைத்தறி ஆபீஸ் சிலவற்றில் இப்ப ஒரு சர்வர் பெட்டி மூலையில் உட்கார்ந்திருக்கு. அதுக்குள்ளே ரெண்டு மூணு விர்ச்சுவல் மெஷின். ஒன்றில் டாலி, இன்னொன்றில் தறிக் கூலிக் கணக்கு. "பேக்கப் இருக்குங்களா?" என்று கேட்டுப் பாருங்க. "தினமும் ஸ்னாப்ஷாட் எடுக்கறமுங்க" என்று பதில் வரும். எனக்குத் தகராறே இந்தப் பதிலோடுதான்.

பேரைக் கேட்டால் டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைத்த மாதிரி இருக்கு. நடப்பது வேறு. விஎம்வேரில் ஸ்னாப்ஷாட் எடுத்ததும் பழைய டிஸ்க் ஃபைல் அப்படியே நிற்கும். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் டெல்டா என்ற தனி ஃபைலுக்குப் போகும். பேரேட்டை மூடி வைத்துவிட்டு, புது வரவு செலவைத் துண்டுச்சீட்டில் எழுதுகிற மாதிரி. பேரேடு இல்லாத துண்டுச்சீட்டை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவீங்க? ரெண்டும் இருப்பது பெரும்பாலும் ஒரே டிஸ்க்கில். டிஸ்க் போனா ரெண்டும் போச்சு. க்யூகவ்2 ஃபைலுக்குள்ளே எடுக்கும் ஸ்னாப்ஷாட் இன்னும் மோசம், அதே ஃபைலுக்குள்ளேயே படுத்துக்கும்.

போதாததுக்கு இந்த டெல்டா வளர்ந்துகொண்டே போகும். டிஸ்க் நிறைந்தால் மெஷினே நின்னுடும். ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீங்க, பேக்கப்பாக நினைக்காதீங்க என்று விஎம்வேர்காரங்களே எழுதி வச்சிருக்காங்க. யார் படிக்கிறா :-)

ஸ்னாப்ஷாட்டே வேண்டாம்னு சொல்லலை. டாலி வெர்ஷன் மாத்தறதுக்கு முன்னாடி ஒன்று எடுங்க, ரெண்டு நாள் ஓட்டிப் பார்த்துட்டு அழிச்சிடுங்க. அதுக்கு இதைவிட நல்ல வசதி கிடையாது.

"ஜிட்லேப் கம்பெனியையே ஸ்னாப்ஷாட்தானே காப்பாத்துச்சு?" என்று ஒருத்தர் மடக்குவார். வாஸ்தவம்தான். 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஓர் இன்ஜினியர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். வைத்திருந்த பேக்கப் வழிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. டேட்டாபேஸ் டம்ப் எடுக்கும் வேலை வெர்ஷன் பொருந்தாமல் தோற்றுக்கொண்டே இருந்தது, யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்த ஸ்னாப்ஷாட்தான் கை கொடுத்தது. ஆனா அது ஏன் பிழைச்சுது? சோதனைக்காக அதை வேறொரு சர்வருக்குக் காப்பி பண்ணியிருந்தாங்க. அந்தக் காப்பிதான் பேக்கப்!

நம்ம நாட்டிலேயே பார்க்கலாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியது. நாட்கணக்கில் நோயாளிகள் விவரத்தைக் கையால் எழுதினார்கள். தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வரில் இருந்து இ-ஹாஸ்பிடல் தகவலை மீட்டதாக அரசு பிறகு நாடாளுமன்றத்தில் சொன்னது. பெட்டிக்குள் நுழைந்தவனுக்கு ஸ்னாப்ஷாட்டை அழிப்பது ஒரு கட்டளை வேலை. அவன் கைக்கு எட்டாத காப்பிதான் தப்பிக்கும்.

நம்ம ஊருக்கு வருவோம். சர்வர் போனால் முதலாளி எப்படியோ சமாளிச்சுக்குவார். போட்ட ஜிஎஸ்டி ரிட்டர்ன் போர்ட்டலில் கிடக்கும், மிச்சம் ஆடிட்டரிடம் கிடைக்கும். ஆனா எந்தத் தறிக்கு எத்தனை பாவு போச்சு, எத்தனை மீட்டர் துணி வந்துச்சு, கூலி பாக்கி எவ்வளவு என்பது அந்த ஒரு டிஸ்க்கில் மட்டும்தான். அது அழிஞ்சா நெய்தவர் வாய்ச்சொல்லை யார் நம்புவா? அதனாலதான் இதைச் சும்மா கம்ப்யூட்டர்காரர் சமாச்சாரம்னு விட மனசு வரலை.

என் யோசனை ரொம்ப சாதாரணம். ரெண்டு யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் வாங்குங்க. முழு மெஷினையும் ஒன்றில் பேக்கப் எடுத்து, கழற்றி, முதலாளி வீட்டுக்கு அனுப்பிடுங்க. அடுத்த வாரம் இன்னொன்று. செருகியே வைத்திருந்தால் ரான்சம்வேர் அதையும் சேர்த்துத் தின்னும். மாசம் ஒரு தடவை ஒரு பழைய கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் பண்ணி, போன வாரக் கூலிப் பட்டியல் வருதான்னு பாருங்க. டாலியிலேயே இருக்கும் பேக்கப்பையும் தனியா எடுத்து வைங்க.

பி.கு: புராக்ஸ்மாக்ஸுக்கு மாறியவர்கள் கவனிக்க. அதன் பேக்கப் திரையில் "ஸ்னாப்ஷாட்" என்று ஒரு மோடு இருக்கும். அது மெஷினை நிறுத்தாமல் எடுக்கும் நிஜ பேக்கப்தான், பயப்பட வேண்டாம். ஆனா போய்ச் சேரும் இடம் "லோக்கல்" என்று இருந்தால் அது அதே சர்வரின் டிஸ்க். அதை மாத்துங்க.