போர் என்றால் விலகிக்கொள்ளும் காப்புறுதி

2001 யூலை 24 அன்று தாக்கப்பட்டது கட்டுநாயக்க விமான நிலையம். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் எதுவும் தாக்கப்படவில்லை. ஆனாலும் லண்டன் காப்புறுதிச் சந்தை இலங்கையைப் போர் அபாயப் பகுதியாகக் கணித்தது. இங்கு வரும் கப்பல்களுக்கான காப்புறுதிக் கட்டணம் எகிறியது.

வழமையான கடல்சார் காப்புறுதி புயல், தீ, மோதல், தரைதட்டல் ஆகியவற்றுக்கு இழப்பீடு தரும். போரால் வந்த சேதத்துக்குத் தராது. அதற்குப் போர் அபாயக் காப்புறுதியைத் தனியே வாங்கவேண்டும். நிலைமை மோசமானால் காப்புறுதியாளர் சில நாள் முன்னறிவித்தலுடன் அதை இரத்துச்செய்து புதிய விலை சொல்லலாம்.

2023 நவம்பரில் தொடங்கிய ஹூதிகளின் தாக்குதல்களுக்குப் பின் செங்கடலிலும் இதுவே நடந்தது. ஒரு கட்டத்தில், ஒரேயொரு பயணத்துக்குக் கப்பலின் பெறுமதியில் சுமார் 1 வீதம் கேட்கப்பட்டது. பத்துக் கோடி டொலர் கப்பலென்றால் பத்து இலட்சம் டொலர்! பல நிறுவனங்கள் ஆபிரிக்காவைச் சுற்றிப் போயின. எந்த வழியில் போனாலும் அந்தச் செலவைக் கொடுப்பது கடையில் பொருள் வாங்குபவர்தான்.

சரக்குக்கான போர்க் காப்புறுதியோ இன்னும் குறுகியது. பொதுவாக அது பொருள் கடலில் இருக்கும்வரைதான். கரையிறக்கிக் களஞ்சியத்தில் வைத்தபின் ஷெல் விழுந்து எரிந்தால், அந்த இழப்பு வணிகருடையது.